வீட்டிலேயே ஹைபிரிட் சின்தசைசர் கட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்தசைசர் கட்டப் போகிறேன் என்று வருபவர்கள் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை எளியதிலிருந்து சிக்கலானதை நோக்கி வரிசைப்படுத்தித் தொகுத்திருக்கிறேன். விடைகள் அனைத்தும் ஒரு குறிப்பிட்ட கருவியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அது ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டுமே ஒலிக்கும் கருவி. ராஸ்பெர்ரி பை பிக்கோ என்னும் சிறு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு அலையை உருவாக்கும், பி.சி.எம்.5102 மாட்யூல் அதை மின்னழுத்தமாக மாற்றும்; இரண்டு எல்.எம்.13700 ஐ.சி.க்கள் ஃபில்டராகவும் ஒலியளவுக் கட்டுப்பாடாகவும் இயங்கும்.

ஹைபிரிட் என்கிறீர்களே, அதில் எது டிஜிட்டல், எது அனலாக்?

சின்தசைசரில் ஒலி மூன்று நிலைகளைக் கடந்து வருகிறது. முதலில் ஆசிலேட்டர் மூல அலையை உண்டாக்குகிறது, அடுத்து ஃபில்டர் அதிலுள்ள மேல் அதிர்வெண்களைக் குறைத்து ஒலியின் தன்மையை மாற்றுகிறது, கடைசியாக வி.சி.ஏ. எனப்படும், வோல்டேஜால் கட்டுப்படும் ஆம்ப்ளிஃபையர் ஒலியளவை ஏற்றி இறக்கி ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தொடக்கத்தையும் முடிவையும் தருகிறது. இவற்றுள் ஆசிலேட்டரை நிரலாலும் மற்ற இரண்டையும் மின்சுற்றாலும் செய்வதே நாம் கட்டும் ஹைபிரிட். ஃபில்டர் எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்று ஆணையிடுவதும் நிரல்தான்.

இது புதிய யோசனை அன்று. 1981-இல் வந்த பி.பி.ஜி. வேவ் 2, 1985-இன் கோர்க் டி.டபிள்யூ.-8000, 1986-இன் என்சோனிக் ஈ.எஸ்.க்யூ.-1 ஆகிய மூன்றும் டிஜிட்டல் அலையை அனலாக் ஃபில்டர் வழியே அனுப்பியவை. 1982-இன் ரோலண்ட் ஜூனோ-6 சற்று வேறு வகை. அதில் அலையே அனலாக், அதன் ஒவ்வொரு சுழற்சியும் எப்போது தொடங்க வேண்டும் என்பதை மட்டும் டிஜிட்டல் கவுண்ட்டர் தீர்மானித்தது. வீட்டில் கட்டுபவர்களுக்கு மிக நெருக்கமான முன்மாதிரி மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஷ்ருதி-1. அதன் நிரலும் மின்சுற்றும் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டிருப்பதால், எதையும் கட்டாவிட்டாலும் ஒரு முறை படித்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் நிரலிலேயே எழுதிவிட்டால் போகிறது. எதற்கு இந்த அனலாக் வம்பு?

ஒலி மட்டுமே குறிக்கோள் என்றால் வம்பு தேவையே இல்லை. இன்றைய டிஜிட்டல் ஃபில்டர்கள் மிக நன்றாக ஒலிக்கின்றன. மடிக்கணினி வைத்திருப்பவர் இலவச மென்பொருளிலேயே அந்த ஒலியைப் பெறலாம். அனலாக் பகுதியைக் கட்டுவதற்கு என் கணக்கில் இரண்டு காரணங்கள் உண்டு. ஃபில்டருக்கு உள்ளே போகும் ஒலியளவைக் கூட்டும்போது அது மெல்ல மெல்லச் சிதைந்து தடிக்கும் விதத்தை, மின்சுற்று கூடுதல் உழைப்பின்றித் தருகிறது. நிரலில் அதற்குத் தனியே கணக்குப் போட வேண்டும். மற்றொன்று, டிஜிட்டலும் அனலாக்கும் சந்திக்கும் இடத்தில் எழும் சிக்கல்களைத் தீர்க்கும்போதுதான் மின்னணுவியல் உண்மையில் பிடிபடுகிறது. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தச் சந்திப்பைப் பற்றியவை என்பதைக் கவனிக்கலாம்.

எதிர்த்திசையில், ஆசிலேட்டரையும் அனலாக்கில் கட்ட ஆசைப்படுபவர்களுக்கு என் பதில், முதல் கருவியில் வேண்டாம் என்பதே. ஒரு வோல்ட்டுக்கு ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) என்ற வழக்கமான அளவில் ஓர் அரைச்சுரத்துக்குக் கிடைப்பது 83.3 மில்லிவோல்ட், அதில் நூற்றில் ஒரு பங்கான 0.83 மில்லிவோல்ட் விலகினாலே ஒரு செண்ட் பிசகு. வெயில் ஏறினாலும் மின்விசிறி சுழன்றாலும் சுருதி நகரும். பிக்கோவின் கடிகாரம் கிரிஸ்டலில் இயங்குவதால் இந்தத் தலைவலி நமக்கு இல்லை.

எனக்கு எலக்ட்ரானிக்ஸ் பின்புலமே கிடையாது சார், பி.காம். படித்தவன். முடியுமா?

முடியும். ஓமின் விதி, கெப்பாசிட்டர் என்ன செய்கிறது, ஆப்-ஆம்ப் என்னும் பெருக்கி ஐ.சி. ஏன் தன் இரு உள்ளீடுகளையும் ஒரே மின்னழுத்தத்தில் வைக்க முயல்கிறது ஆகிய மூன்றும் புரிந்தால் இந்தச் சுற்றைப் பின்தொடரலாம். நிரல் பக்கத்தில் சி மொழியில் ஓரளவு பழக்கம் வேண்டும். மைக்ரோபைதானில் குமிழ்களைப் படிக்கலாம், விளக்கு எரிய வைக்கலாம். நொடிக்கு 44,100 முறை அலையைக் கணக்கிடுவது அதற்கு ஒத்துவராது.

கருவிகளில் மல்டிமீட்டரும் வெப்பம் கட்டுப்படுத்தக்கூடிய சால்டரிங் அயர்னும் கட்டாயம். ஆசிலோஸ்கோப் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். இல்லாதவர்கள் கணினியின் ஒலி உள்ளீட்டில் பதிவு செய்து அலை வடிவத்தைப் பார்த்தே பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஆனால் அந்த உள்ளீட்டில் ஒலியை மட்டுமே கொடுக்க வேண்டும், அதையும் அளவைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். 12 வோல்ட் பட்டால் கணினியின் ஒலிப்பகுதி போய்விடும்.

வீட்டில் அர்டுயினோ ஊனோ சும்மா கிடக்கிறது. அதிலேயே செய்யக் கூடாதா?

பழகிப் பார்க்கச் செய்யலாம். ஊனோவில் இருப்பது 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8 பிட் சிப். நினைவகம் 2 கிலோபைட். அதற்கென்றே எழுதப்பட்ட மோஸி என்ற ஒலி நூலகம் நொடிக்கு 16,384 மாதிரிகள் என்ற வேகத்தில் இயங்குகிறது. அதாவது 8,192 ஹெர்ட்ஸுக்கு மேல் எந்த ஒலியும் வராது. கரடுமுரடான ஒலியை விரும்புகிறவர்களுக்கு அதுவே ஒரு சுவை.

பிக்கோவில் 133 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடிய இரண்டு கோர்களும் 264 கிலோபைட் நினைவகமும் உள்ளன. ஒரு கோரை ஒலிக்கு மட்டும் ஒதுக்கி, குமிழ்களையும், கீபோர்டின் ஸ்வரத் தகவல் வரும் மிடி இணைப்பையும் மற்றொன்றுக்குத் தள்ளிவிடலாம். அதில் தசம எண்களுக்கான தனி வன்பொருள் இல்லாததால் கணக்கை முழு எண்களில் எழுதுவது நல்லது. 2024-இல் வந்த பிக்கோ 2-இல் அந்தக் குறையும் இல்லை. டீன்ஸி போர்டு வைத்திருப்பவர்கள் அதன் ஆயத்த ஒலி நூலகத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அது 128 மாதிரிகள் கொண்ட தொகுதிகளாக இயங்குவதால் ஒரு தொகுதிக்கு 2.9 மில்லிவினாடி தாமதம் மட்டுமே.

ஃபில்டருக்கு எந்த ஐ.சி. நல்லது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஏ.எஸ்.3320, எஸ்.எஸ்.ஐ.2144 போன்றவை சின்தசைசருக்காகவே செய்யப்பட்ட ஐ.சி.க்கள். முன்னது, புராஃபெட்-5 சின்தசைசரின் மூன்றாம் பதிப்பில் இருந்த சி.ஈ.எம்.3320-இன் மறுவார்ப்பு. ஒரே சிப்பில் நான்கு நிலைகளும் இருப்பதால் ஒலி வளமாக இருக்கும். ஆனால் இவை பக்கத்துக் கடையில் கிடைக்காது. ஒன்று புகைந்துவிட்டால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும்.

எல்.எம்.13700 பொதுப் பயன்பாட்டுக்கான ஐ.சி. அதனுள் இரண்டு ஓ.டி.ஏ.க்கள் உள்ளன. உள்ளீட்டு வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னோட்டத்தை வெளிவிடும் ஆம்ப்ளிஃபையர் என்று ஓ.டி.ஏ.வைச் சொல்லலாம், எவ்வளவு வெளிவிட வேண்டும் என்பதை இன்னொரு காலில் நாம் செலுத்தும் கட்டுப்பாட்டு மின்னோட்டம் முடிவு செய்கிறது. அதன் தரவுத்தாளிலேயே ஸ்டேட் வேரியபிள் ஃபில்டர், வி.சி.ஏ. இரண்டின் சுற்றுகளும் வரைந்து தரப்பட்டிருக்கின்றன. ஒரு சிப் ஃபில்டருக்கு, இன்னொரு சிப்பின் பாதி வி.சி.ஏ.வுக்கு, மிச்சமுள்ள பாதியைப் பின்னால் எதற்கேனும் வைத்துக்கொள்ளலாம்.

பாகங்களை எங்கே வாங்குவது?

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரில் எஸ்.பி. ரோடு. ரெசிஸ்டர், பொட்டென்ஷியோமீட்டர் (குமிழ்), டி.எல்.072 ஆப்-ஆம்ப், ப்ரெட்போர்டு எல்லாம் நேரில் வாங்கலாம், பிக்கோவையும் பி.சி.எம்.5102-ஐயும் இணையத்தில் தருவிப்பது எளிது. ஃபில்டரில் போடும் கெப்பாசிட்டர்களில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அங்கே சாதாரண பீங்கான் வகையைப் போட்டால் மின்னழுத்தத்துக்கு ஏற்ப அதன் மதிப்பே மாறும், என்.பி.ஓ. வகை பீங்கான் அல்லது மைலார் வாங்குங்கள். ஐ.சி.க்களில் போலிகள் உலவுவதால் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.

பிளஸ் 12, மைனஸ் 12 என்று போட்டிருக்கிறது. மைனஸுக்கு எங்கே போவது?

ஒலியலை பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஆடுவதால் ஃபில்டருக்கு இரு பக்கமும் மின்னழுத்தம் தேவை. 230 வோல்ட்டில் ட்ரான்ஸ்ஃபார்மரைத் திறந்த நிலையில் வைத்துக் கட்டுவதைத் தொடக்க நிலையில் எவருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. ஏ0512எஸ் போன்ற சிறிய டி.சி.–டி.சி. மாட்யூல் ஒன்று யு.எஸ்.பி.யின் 5 வோல்ட்டிலிருந்து ±12 வோல்ட்டைத் தந்துவிடும். ஒரு பக்கத்துக்கு 42 மில்லிஆம்பியர் வரை அதனால் கொடுக்க முடியும். நம் சுற்று ஒரு பக்கத்துக்கு 20 மில்லிஆம்பியரைக்கூடத் தொடாது.

இரண்டு எச்சரிக்கைகள். இந்த மாட்யூல்கள் மின்னழுத்தத்தைச் சீராக்குவதில்லை. சுமை குறைந்தால் 12-ஐத் தாண்டும். இவற்றின் வெளியீட்டில் ஸ்விட்சிங் இரைச்சலும் உண்டு. எனவே ஒவ்வொரு பக்கத்திலும் 10 ஓம் ரெசிஸ்டரும் அதன்பின் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போட வேண்டும். பிக்கோவின் எந்தக் காலிலும் 3.3 வோல்ட்டுக்கு மேல் படக் கூடாது. ±12 வோல்ட் கம்பியில் ஒன்று தவறி விழுந்தால் போர்டு அந்த நொடியே போய்விடும்.

எதை முதலில் கட்ட வேண்டும்?

அகலக்கால் வைக்காமல் இரண்டு பாதிகளையும் தனித்தனியே ஓட வைத்துவிட்டு இணையுங்கள். முதலில் பிக்கோவையும் பி.சி.எம்.5102-ஐயும் இணைத்து, ஆம்ப்ளிஃபையர் உள்ள ஸ்பீக்கரில் 440 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேளுங்கள். ஒலியே வரவில்லை என்றால், பெரும்பாலும் மாட்யூலின் எஸ்.சி.கே. கால் அந்தரத்தில் விடப்பட்டிருக்கும். அதைக் கிரவுண்டுடன் இணைக்க வேண்டும். எக்ஸ்.எஸ்.எம்.டி. கால் 3.3 வோல்ட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது கீழே இருந்தால் மாட்யூல் வாய்மூடி இருக்கும். சில மாட்யூல்களில் இவற்றுக்கான சிறு இணைப்புத் திட்டுகள் பின்புறத்தில் பற்றவைக்கப்படாமலே வருகின்றன.

பிறகு பிக்கோவை ஓரமாக வைத்துவிட்டு ஃபில்டரைக் கட்டுங்கள். உள்ளே கைப்பேசியிலிருந்து ஒரு பாட்டு, கட்டுப்பாட்டுக்கு ஒரு சாதாரண பொட்டென்ஷியோமீட்டர். குமிழைத் திருப்பும்போது பாட்டு மூடித் திறந்தால் ஃபில்டர் சரி. இந்த நிலையைத் தாண்டாமல் இரண்டையும் சேர்த்தால், தவறு நிரலிலா சுற்றிலா என்று தேடியே நேரம் போய்விடும்.

ஆசிலேட்டரை நிரலில் எழுதுவது என்றால் சைன் ஃபங்ஷனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதா?

இல்லை. ஒரு 32 பிட் முழு எண்ணை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதிரிக்கும் அதனுடன் ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எண் நிரம்பி வழிந்தால் தானாகவே பூஜ்யத்தை ஒட்டி வந்து மீண்டும் தொடங்கும். ஒரு வழிதல் என்பது அலையின் ஒரு சுழற்சி. கூட்ட வேண்டிய எண், அதிர்வெண்ணை 2-இன் 32-ஆம் அடுக்கால் பெருக்கி 44,100-ஆல் வகுத்தால் கிடைக்கும். 440 ஹெர்ட்ஸுக்கு அது 42,852,281. இந்த எண்ணின் மேல் 16 பிட்களை அப்படியே எடுத்தால் ரம்பப்பல் அலை; பாதிக்கு மேலா கீழா என்று பார்த்தால் சதுர அலை; மேல் பிட்களைக் கொண்டு ஓர் அட்டவணையில் தேடினால் நீங்கள் விரும்பும் எந்த அலையும்.

கீழ் ஸ்தாயியில் அருமையாக இருக்கிறது, மேலே போகப் போகச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒலி கூடவே வருகிறதே?

அதற்கு ஏலியாசிங் என்று பெயர். 44,100 மாதிரி வேகத்தில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதையும் குறிக்க முடியாது. அதைத் தாண்டும் அதிர்வெண் கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பிக் கீழே வந்து விழும். 3,000 ஹெர்ட்ஸ் ரம்பப்பல் அலையில் 14-ஆவது ஹார்மோனிக், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் 14 மடங்கு, 42,000 ஹெர்ட்ஸ். அது மடங்கி 2,100 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். வாசிக்கும் ஸ்வரத்துக்கும் கீழே, அதோடு எந்த உறவும் இல்லாத ஓர் ஒலி. மேலே சொன்ன எளிய ரம்பப்பல்லில் இது தவிர்க்க முடியாதது.

பின்னால்தான் அனலாக் ஃபில்டர் இருக்கிறதே, அது இதை நீக்கிவிடாதா என்று உடனே கேட்பார்கள். நீக்காது. மடங்கிய ஒலி ஏற்கெனவே நம் ஸ்வரத்தின் நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது. அதை வெட்ட முயன்றால் ஸ்வரமும் சேர்ந்து போகும். தீர்வு நிரலில்தான் உண்டு. அலை சட்டென்று குதிக்கும் இடத்தை ஒரு சிறு வளைவால் மழுக்கும் பாலிபிளெப் முறை எழுத எளிது, பிக்கோவுக்கும் பாரமில்லை. இல்லாவிட்டால் ஒவ்வோர் ஆக்டேவுக்கும் ஹார்மோனிக்குகளை முன்கூட்டியே அளவாக நறுக்கிய அட்டவணைகளை வைத்துக்கொள்ளலாம்.

ஃபில்டருக்குள் ஒலி போனதும் கரகரவென்று உடைகிறது. ஐ.சி. போலியா?

சந்தேகத்தை ஐ.சி.யின் மேல் போடும் முன் உள்ளீட்டுக் குறைப்பைப் பாருங்கள். ஓ.டி.ஏ.வின் உள்ளீடு ஏறத்தாழ 10 மில்லிவோல்ட் வரைதான் நேர்மையாக நடந்துகொள்ளும். பி.சி.எம்.5102-இன் முழு வெளியீடு 2.1 வோல்ட் ஆர்.எம்.எஸ்., அதாவது உச்சத்தில் ஏறத்தாழ 3 வோல்ட். இதை 100 கிலோஓம், 220 ஓம் பிரிப்பான் வழியே அனுப்பினால் 6.6 மில்லிவோல்ட் ஆகும். ஒலி தூய்மையாக இருக்கும். 220 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் 220 கிலோஓம் உட்கார்ந்திருந்தால் எந்த அலையும் சதுர அலையாகத்தான் வெளியே வரும். நிறப்பட்டைகளில் இந்த இரண்டுக்கும் ஒரு பட்டைதான் வேறுபாடு என்பதால் மல்டிமீட்டரில் அளந்துவிட்டுப் பொருத்துங்கள்.

அளவு சரி என்றானபின், ஓர் ஆப்-ஆம்பால் பெருக்கி, வேண்டுமென்றே 5 வோல்ட் உச்சம் வரை ஏற்றிப் பாருங்கள். இரண்டாம் கேள்வியின் விடையில் சொன்ன தடிப்பு அங்கேதான் இருக்கிறது. முன்பலகையில் ஒரு குமிழை இதற்கென்றே ஒதுக்கலாம் என்பது என் கருத்து; கருவியின் பாதி குணம் அந்தக் குமிழில் அடங்கியிருக்கிறது.

பிக்கோவில் அனலாக் வெளியீடே இல்லையே, ஃபில்டருக்கு எப்படி வோல்டேஜ் கொடுப்பது?

பி.டபிள்யூ.எம். போதும்; ஒரு காலை வேகமாக ஏற்றி இறக்கி, ஏறியிருக்கும் நேரத்தின் விகிதத்தால் சராசரி மின்னழுத்தத்தை மாற்றும் முறை அது. பிக்கோவின் கடிகாரம் 125 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது அதை 4,096 படிகளாகப் பிரித்தால் துடிப்பு வேகம் 30,500 ஹெர்ட்ஸ் கிடைக்கும், காதுக்கு எட்டாது. 10 கிலோஓம்–100 நானோஃபாரட், அடுத்து 100 கிலோஓம்–10 நானோஃபாரட் என்று இரண்டு ஆர்.சி. நிலைகளைப் போட்டு, ஆப்-ஆம்ப் பஃபர் ஒன்று வைத்தால் மென்மையான கட்டுப்பாட்டு மின்னழுத்தம் கிடைக்கும். ஒவ்வொரு நிலையும் 159 ஹெர்ட்ஸுக்கு மேல் தணிப்பதால் என்வலப்பின், அதாவது ஸ்வரம் எழுந்து அடங்கும் வடிவத்தின், வேகம் சற்று மட்டுப்படும். அடித்தாற்போல் தொடங்கும் ஒலிகள் வேண்டுமென்றால் எம்.சி.பி.4822 போன்ற 12 பிட் டி.ஏ.சி.க்கு (எண்ணை மின்னழுத்தமாக்கும் ஐ.சி.) மாறுங்கள்.

வோல்டேஜைப் பூஜ்யம் ஆக்கினாலும் ஃபில்டர் முழுதாக மூட மாட்டேன் என்கிறது.

அந்தக் கட்டுப்பாட்டுக் கால் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். பூஜ்யத்தில் இருக்காது; மைனஸ் 12-க்கு இரண்டு டையோடு மேலே, ஏறத்தாழ மைனஸ் 10.8 வோல்ட்டில் இருக்கும். ஒரே ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை இயக்கினால், நீங்கள் பூஜ்யம் கொடுக்கும்போதும் 10.8 வோல்ட் வேறுபாடு மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டுதான் இருக்கும்.

இதற்கு ஓர் ஆப்-ஆம்பும் பி.சி.557 போன்ற ஒரு பி.என்.பி. ட்ரான்சிஸ்டரும் வேண்டும். ஆப்-ஆம்பின் பிளஸ் உள்ளீடு கிரவுண்டில். மைனஸ் உள்ளீட்டில் ட்ரான்சிஸ்டரின் எமிட்டர். ஆப்-ஆம்பின் வெளியீடு பேஸுக்கு. கலெக்டரிலிருந்து தலா ஒரு கிலோஓம் வழியே இரண்டு கட்டுப்பாட்டுக் கால்களுக்கு. பஃபரிலிருந்து வரும் 0–3.3 வோல்ட்டை 3.3 கிலோஓம் வழியே எமிட்டருக்குக் கொடுத்தால் 0 முதல் 1 மில்லிஆம்பியர் வரை செல்லும், ஒவ்வோர் ஓ.டி.ஏ.வுக்கும் பாதி. மேற்சொன்ன பிரிப்பானோடு 330 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் 0.5 மில்லிஆம்பியரில் ஃபில்டர் 10,000 ஹெர்ட்ஸை ஒட்டித் திறக்கும். ஒரு காலுக்கு 2 மில்லிஆம்பியரைத் தாண்டினால் ஐ.சி. கெட்டுவிடும்.

இப்போது மூடுகிறது, ஆனால் குமிழின் அடிப்பகுதியில் படிப்படியாகத் தாவுகிறது. மேலே போனால் எதுவுமே மாறுவதில்லை.

காது ஆக்டேவ் கணக்கில் கேட்கிறது. நம் சுற்றோ ஹெர்ட்ஸ் கணக்கில் நகர்கிறது. 10,000 ஹெர்ட்ஸை 4,096-ஆல் பங்கிட்டால் ஒரு படிக்கு 2.4 ஹெர்ட்ஸ். 8,000-இல் அது ஒன்றுமில்லை. 80-இல் அது கால் ஸ்வரத்துக்குச் சமம். நிரலில் அட்டவணை போட்டுக் குமிழின் பங்கீட்டைச் சரிசெய்யலாம், ஆனால் கீழேயுள்ள படிகள் அப்படியேதான் இருக்கும்.

நிரல் தோற்று மின்சுற்று வெல்லும் இடம் இது. ட்ரான்சிஸ்டரின் பேஸ்–எமிட்டர் மின்னழுத்தம் 18 மில்லிவோல்ட் கூடும்போதெல்லாம் மின்னோட்டம் இரட்டிப்பாகும். ட்ரான்சிஸ்டர் ஜோடி ஒன்றைக் கொண்டு இந்த இயல்பையே எக்ஸ்பொனென்ஷியல் கன்வெர்ட்டராக அமைத்துக்கொண்டால் 4,096 படிகளும் பத்து ஆக்டேவ்களுக்குச் சமமாகப் பங்கிடப்பட்டு, ஒரு படி 3 செண்டுக்கும் கீழே வந்துவிடும். முதல் கட்டத்தில் அட்டவணையோடு திருப்தி அடையுங்கள். இரண்டாம் கட்டத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதுவும் வாசிக்காதபோதும் 'உய்ங்' என்று ஒரு சத்தம். பைத்தியம் பிடிக்கிறது!

முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றுங்கள். அல்லது பிக்கோவைப் பவர் பேங்கில் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் அது யு.எஸ்.பி. வழியே வந்த கிரவுண்ட் லூப்; உங்கள் சுற்றில் குறையில்லை. நிற்கவில்லை என்றால், திரையோ எல்.இ.டி.யோ மாறும்போது சத்தமும் மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறினால் டிஜிட்டல் பகுதியின் மின்னோட்டம் ஒலிப்பகுதியின் கிரவுண்ட் கம்பி வழியே திரும்பிக்கொண்டிருக்கிறது. இரண்டு பகுதிகளின் கிரவுண்டையும் தனித்தனியே இழுத்து, மின்வழங்கலின் அருகே ஒரே புள்ளியில் மட்டும் சேர்க்க வேண்டும். ஒவ்வோர் ஐ.சி.யின் மின்கால் பக்கத்திலும் 100 நானோஃபாரட் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குமிழைத் தொடாதபோதும் அதன் மதிப்பு நடுங்கினால் அது வேறு சங்கதி. பிக்கோவின் 23-ஆம் ஜி.பி.ஐ.ஓ.வை (நிரலால் இயக்கும் கால்) நிரலில் உயர்த்தி வைத்தால் அதன் மின்சீராக்கி வேறு முறைக்கு மாறி, அளவீட்டின் நடுக்கம் குறையும். மிச்சத்தை நிரலில் சராசரி எடுத்துத் தீர்க்கலாம்.

ஒவ்வொரு ஸ்வரம் தொடங்கும்போதும் 'டப்' என்று ஒரு தட்டல் கேட்கிறது.

என்வலப்பின் எழுச்சி நேரம் பூஜ்யமாக இருந்தால் எந்த ஒலியும் தட்டலோடுதான் தொடங்கும். குறைந்தது 2 அல்லது 3 மில்லிவினாடி கொடுங்கள். அப்போதும் தட்டினால், ஆசிலேட்டரை நிறுத்திவிட்டு என்வலப்பை மட்டும் இயக்கிக் கேளுங்கள். ஒலியே இல்லாதபோதும் 'டப்' வந்தால் வி.சி.ஏ.வின் இரு உள்ளீடுகளும் சமநிலையில் இல்லை என்று பொருள். ட்ரிம்பாட் என்னும் சிறு திருகு பொட்டென்ஷியோமீட்டரால் அங்கே சில மில்லிவோல்ட் கொடுத்து, தட்டல் மிகக் குறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

என் கீபோர்டை எப்படி இணைப்பது?

பின்னால் ஐந்து ஊசி கொண்ட வட்ட மிடி சாக்கெட் இருந்தால் எளிது. நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் தகவல் வரும். ஒரு ஸ்வரச் செய்தி வந்து சேர ஒரு மில்லிவினாடிக்கும் குறைவே ஆகும். இடையில் ஆப்டோகப்ளர் கட்டாயம்; மின்தொடர்பின்றி ஒளி வழியே தகவலைக் கடத்தும் ஐ.சி. அது. பல பழைய வரைபடங்களில் காணப்படும் 6என்138 ஐந்து வோல்ட்டுக்கானது, 3.3 வோல்ட் பிக்கோவுக்கு எச்11எல்1 பொருத்தம். யு.எஸ்.பி. மட்டுமே உள்ள கீபோர்டானால், பிக்கோ கணினியின் இடத்தில் இருந்து அதை இயக்க வேண்டும், யு.எஸ்.பி. ஹோஸ்ட் என்னும் அந்த நிரல் சற்றுக் கடினம்.

கர்நாடக சங்கீதம் வாசிக்கிறேன். இதில் கமகம் வருமா? ஸ்வரஸ்தானங்கள் சரியாக இருக்குமா?

ஆசிலேட்டர் நிரலில் இருப்பதன் பெரிய லாபமே இங்கேதான். கீபோர்டின் சம இடைவெளி அளவில் பஞ்சமம் 700 செண்டில் விழுகிறது. 3/2 விகிதத்தில் அது 702, வேறுபாடு காதுக்கு எட்டாது. அந்தர காந்தாரம் அப்படியன்று: 5/4 விகிதத்தில் 386 செண்ட், கீபோர்டில் 400. தம்புராவோடு சேர்த்துக் கேட்டால் அந்த 14 செண்ட் நன்றாகவே உறுத்தும். ஷட்ஜத்தின் கூட்டு எண்ணை 5/4-ஆல் பெருக்கினால் காந்தாரத்தின் எண் கிடைத்துவிடும். பன்னிரண்டு விகிதங்கள் கொண்ட ஓர் அட்டவணை போதும்.

கமகத்துக்கு பிட்ச் பெண்ட் சக்கரத்தின் வீச்சை அதிகப்படுத்துங்கள். மிடியில் அதற்கு 16,384 படிகள் உண்டு. மேலும் கீழும் ஓர் ஆக்டேவ் என்று வைத்தாலும் ஒரு படி 0.15 செண்ட்தான். கூட்டு எண் மாறினாலும் அலை விட்ட இடத்திலிருந்தே தொடர்வதால் இழைவில் வெட்டு விழாது. சில மலிவான கீபோர்டுகளின் சக்கரம் இத்தனை படிகளை அனுப்புவதில்லை; அப்போது நிரலில் மெல்லிய இழைவைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஒரே நேரத்தில் நான்கு ஸ்வரங்கள் வேண்டும் என்றால்?

நிரலில் நான்கு ஆசிலேட்டர்கள் பெரிய விஷயமில்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தனியே மூடித் திறக்க வேண்டுமானால் நான்கு ஃபில்டர், நான்கு வி.சி.ஏ., எட்டுக் கட்டுப்பாட்டு மின்னழுத்தங்கள். பற்றவைக்க வேண்டிய புள்ளிகளும் நான்கு மடங்கு. நான்கு ஆசிலேட்டர்களையும் கலந்து ஒரே ஃபில்டர் வழியே விடுவது நடுவழி. 1983-இன் கோர்க் பாலி-800 எட்டுக் குரல்களை வைத்துக்கொண்டு அப்படித்தான் ஒரே ஃபில்டரில் இயங்கியது. முதல் ஸ்வரம் அடங்கிக்கொண்டிருக்கும்போது அடுத்ததை அழுத்தினால் இரண்டுக்கும் சேர்த்து ஃபில்டர் மறுபடி திறக்கும் என்பதுதான் அதன் குறை.

ரெசனன்ஸை (ஃபில்டர் வெட்டும் இடத்து அதிர்வெண்ணை முனைப்பாக்கும் அளவு) முழுதாக ஏற்றினால் ஃபில்டர் தானே விசில் அடிக்கிறது. அந்த விசிலையே ஸ்வரமாக வாசிக்க முடியுமா?

முடியும், ஆனால் ஆசிலேட்டரில் நாம் தவிர்த்த வெப்பச் சிக்கல் இங்கே பின்வாசல் வழியே வந்துவிடும். மேற்சொன்ன 18 மில்லிவோல்ட் என்பது அறை வெப்பநிலையில் மட்டுமே. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அது ஆயிரத்துக்கு 3.3 பங்கு கூடும். அதற்கு ஈடாக மாறும் தனி ரெசிஸ்டர் ஒன்றைப் போடுவது பழைய வழி.

ஹைபிரிட் கருவியில் இன்னொரு வழி உண்டு. ஃபில்டரின் வெளியீட்டை இரு மின்னழுத்தங்களை ஒப்பிடும் கம்பேரேட்டர் ஒன்றின் வழியே 3.3 வோல்ட் சதுர அலையாக்கிப் பிக்கோவின் ஒரு காலுக்குக் கொண்டுவாருங்கள். பொத்தானை அழுத்தியதும் நிரல் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை ஆக்டேவுக்கு ஒரு புள்ளி என நகர்த்தி, ஒவ்வொன்றிலும் விசிலின் அதிர்வெண்ணை அளந்து அட்டவணை எழுதிக்கொள்ளும். வாசிக்கும்போது இடைப்பட்ட ஸ்வரங்களை அதிலிருந்து கணக்கிடும். 1978-இன் புராஃபெட்-5 தன் ட்யூன் பொத்தானில் இதே வேலையைத் தன் அனலாக் ஆசிலேட்டர்களுக்குச் செய்தது. ஃபில்டர் சூடேறி நிலைப்படும் முன் அளந்த அட்டவணை பயன்படாது. ஆகவே கருவியை இயக்கிச் சிறிது நேரம் கழித்தே அந்தப் பொத்தானை அழுத்துங்கள்.